பின்னச் சமன்பாடு: விடை 15 வர வேண்டும், எனக்கு 27 வருகிறது

கேள்வி:
(க + 1)/2 − (க − 3)/3 = 4
புத்தகத்தின் கடைசியில் விடை 15 என்று இருக்கிறது. நான் போட்டது:
3(க + 1) − 2(க − 3) = 24
3க + 3 − 2க − 6 = 24
க − 3 = 24
க = 27
கீழே உள்ள 2, 3 இரண்டுக்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 6. அதனால் எல்லா உறுப்பையும் பெருக்கிவிட்டேன், வலப்பக்கத்து 4 உட்பட. எங்கே தப்பு?

பதில் 1:
இரண்டாவது வரி. −2ஐ −3ஆல் பெருக்கினால் +6. நீங்கள் 2ஐ மட்டும் உள்ளே கொண்டுபோயிருக்கிறீர்கள், அதன் குறி வெளியிலேயே நின்றுவிட்டது.
3க + 3 − 2க + 6 = 24
க + 9 = 24
க = 15
சரிபார்ப்போம்: 16/2 − 12/3 = 8 − 4 = 4. உங்கள் 27ஐப் போட்டால் 14 − 8 = 6. அரை நிமிட வேலை, தேர்விலும் தவறாமல் செய்யுங்கள். 4ஐப் பெருக்கியது மிகச் சரி. அதை அப்படியே விட்டிருந்தால் க = −5 என்று வந்திருக்கும். நிறையப் பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளில் பின்னமாக எழுதும்போது க − 3ஐக் கட்டி வைத்திருப்பது நடுவில் உள்ள பின்னக் கோடுதான். பகுதியை (கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை) நீக்கினால் கோடும் போய்விடும், அதனால் அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். நீங்கள் போட்டிருக்கிறீர்கள். குறி மட்டும் தடுமாறுவதால் கொஞ்ச நாளைக்கு − 2(க − 3) என்பதை + (−2)(க − 3) என்று எழுதுங்கள். குறி எண்ணோடு ஒட்டிக்கொண்டே உள்ளே போகும்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. இதற்குக் குறுக்குப் பெருக்கல் (ஒரு பக்கத்தின் மேல் எண்ணை மறுபக்கத்தின் கீழ் எண்ணால் பெருக்குவது) செய்யலாமா?

பதில் 3:
இப்படியே இருக்கும்போது கூடாது. இருபுறமும் ஒவ்வொரு பின்னம் மட்டுமே இருந்தால்தான் அது செல்லும். இடப்பக்கத்தைச் சேர்த்து (க + 9)/6 = 4/1 ஆக்கிவிட்டுச் செய்யலாம். ஆனால் அதற்கும் மீ.சி.ம. எடுக்கத்தானே வேண்டும்?

இன்னொன்று. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்பது கூட்டலிலும் கழித்தலிலும் நிற்கும் உறுப்புக்கு மட்டும். க + 9 = 24இல் இருபுறமும் 9ஐக் கழிக்கிறோம், அதன் சுருக்கம்தான் அந்த வாசகம். −3க = 12 என்று வந்தால் −3 பெருக்கலில் நிற்கிறது. 12 + 3 = 15 என்று எழுதிவிடாதீர்கள். இருபுறமும் −3ஆல் வகுங்கள், குறியோடு: க = −4.