ஆந்த்ரோபோசீனுக்குக் கால அட்டவணையில் இடம் இல்லை என்றது சரியா?

நிலமகள்:
'ஆந்த்ரோபோசீன்', அதாவது மனிதர் காலம் என்று நிலவியல் கால அட்டவணையில் ஒரு புதிய பிரிவு வேண்டும் என்ற முன்மொழிவை, 2024 மார்ச்சில் அதற்கான குழு 12-க்கு 4 என்று நிராகரித்துவிட்டது. ஆக, 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஹோலோசீனிலேயே நாம் இருக்கிறோம். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

புதிய பிரிவின் தொடக்க எல்லைக்கு முன்மொழிந்தவர்கள் காட்டிய இடம் கனடாவின் கிராஃபர்ட் ஏரி. சின்ன ஏரி, ஆனால் நல்ல ஆழம். அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதில்லை, அதனால் சேறு கலையாமல் படிகிறது. கோடையில் வெளிறிய சுண்ணாம்பு, அதன்மேல் கரிய சேறு, இப்படி ஆண்டுக்கு ஒரு ஜோடி. 1950-களின் தொடக்க அடுக்குகளுக்கு வந்தால் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளின் புளூட்டோனியம் ஏறுகிறது, நிலக்கரிச் சாம்பல் துகள்களும் கூடுகின்றன. ஆண்டைக்கூடச் சொல்லிவிடலாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தணிகை:
சாட்சியில் குறையே இல்லை மேடம். சிக்கல் தொடக்கமாக அவர்கள் குறித்த 1952-ல்தான். அங்கே கோடு போட்டால் உழவு, காடழிப்பு, நீராவி எந்திரம் எல்லாமே மனிதர் காலத்துக்கு வெளியே போய்விடும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியது. பூமியின் வேதியியலையே புரட்டிப்போட்ட மாற்றம் அது. அதையே நாம் ஒரு 'நிகழ்வு' என்றுதான் சொல்கிறோம். இதையும் அப்படிச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடாது.

அரியலூரான்:
நான் தணிகை சார் பக்கம். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் புதைபடிவங்களைப் பொறுக்கி வளர்ந்தவன் நான். டைனோசர்கள் இருந்த கிரிட்டேசியஸ் காலக் கடலின் படிவு அது. அந்தக் கல்லில் எழுபது ஆண்டு, அதாவது 1952 முதல் இன்றுவரையான அளவு, எங்கே இருக்கிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

நிலமகள்:
சரி, அந்தக் கிரிட்டேசியஸ் எப்படி முடிகிறது? துனிசியாவின் எல் கெஃப் பகுதியில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண்ணில், இரிடியம் நிறைந்த துருநிற மெல்லிய படலம் ஒன்று. விண்கல் விழுந்ததன் தூசு. ஒரு நொடியில் நடந்ததற்கு எல்லை வைக்கலாம், எழுபது ஆண்டுக்குக் கூடாதா? அப்புறம் ஹோலோசீன், அதாவது பனியுகங்களுக்கு இடையே வரும் ஒரு வெப்பக் காலம். கடைசி இருபத்தாறு லட்சம் ஆண்டுகளில் இதேபோன்ற வெப்ப இடைவெளிகள் எத்தனையோ வந்துபோயின. இதற்கு மட்டும் தனிப்பெயர் கொடுத்தது நாம் இதில் வாழ்வதால்தானே?

தணிகை:
எல் கெஃப் எல்லைக்கு மேலே பல லட்சம் ஆண்டுப் பாறை இருக்கிறது. புதிய உலகம் நிலைத்ததை அதில் பார்க்கலாம். உங்கள் கோட்டுக்கு மேலே இருப்பது கொஞ்சம் சேறு. 2018-ல் ஹோலோசீனுக்குள் மேகாலயன் என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். சிரபுஞ்சி அருகே மவ்ம்லு குகையின் சுண்ணாம்புப் படிவில் பதிந்த, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சிதான் ஆதாரம். அது உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் வந்ததா என்று இன்னமும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அவசரப்பட்டால் இதுதான் நடக்கும்.

அரியலூரான்:
இன்னொன்று. புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. சில லட்சம் ஆண்டுகளில் அந்தக் கையெழுத்து மங்கிவிடும். மிஞ்சுவது எலும்புகள்தாம். ஆனால் மனிதர் போய்ச் சேர்ந்த பிறகு பெரிய விலங்குகள் அழிந்தது ஆஸ்திரேலியாவில் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கக் கண்டங்களில் சுமார் 12,000. நியூசிலாந்தின் மோவா பறவைகள் போய்ச் சுமார் 600 ஆண்டுதான் ஆகிறது. இதில் எந்த அடுக்கில் கோடு போடுவீர்கள், மேடம்?

நிலமகள்:
எதிலும் வேண்டாம். அவை கண்டத்துக்கு ஒன்றாக நடந்தவை. காற்று எல்லோருக்கும் பொது. ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் 1958-ல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பனியுகம் முடிந்தபோது அது எண்பது பங்கு ஏறப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்த ஏற்றத்தின் முடிவில் கோடு கிழித்து ஹோலோசீன் என்று பெயர் வைத்தவர்கள், அதைவிடப் பெரிய ஏற்றம் ஒரு மனித ஆயுளுக்குள் நடந்திருக்கும்போது பொறுங்கள் என்கிறார்கள். அதற்கு அளவுகோல் என்ன என்பதை யாராவது சொல்லுங்கள், கேட்கத் தயார்.