‘கண்டுபிடித்தவர்’ என்ற ஒரே சொல் போதுமா? நுண்ணோக்கி முன்னோடிகளை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர் லேவன்ஹூக்’ என்ற வரி நம் அறிவியல் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. இன்வென்ஷன், டிஸ்கவரி ஆகிய இரண்டையும் ‘கண்டுபிடிப்பு’ என்றே சொல்லிப் பழகியிருப்பது இப்பிழைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அவர் 1632-இல் பிறப்பதற்கு முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட வில்லைகளைக் கொண்ட கூட்டு நுண்ணோக்கி ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1624-இல் கலிலியோ தம் கருவியொன்றை இத்தாலிய அறிஞர் குழுவொன்றின் தலைவரான ஃபெடரிகோ செசிக்கு அனுப்பினார். மறு ஆண்டில் அக்குழுவைச் சேர்ந்த மருத்துவர் ஜொவான்னி ஃபாபர் அவ்வகைக் கருவிக்கு ‘மைக்ராஸ்கோப்’ என்னும் பெயரைச் சூட்டினார். லேவன்ஹூக் கையாண்டதோ தாமே செய்துகொண்ட ஒற்றை வில்லைக் கருவி. ஆனால் எஞ்சியுள்ளவற்றுள் சிறந்தது ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டும் அளவுக்கு அவருடைய வில்லைகள் தரமானவை. அவற்றின் வழியே ஏரி நீரிலும், மிளகு ஊறிய நீரிலும், பின்னர் பல்லில் படிந்த வெண்ணிற அழுக்கிலும் தாம் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றி இலண்டனின் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு டச்சு மொழியிலேயே கடிதங்கள் எழுதினார். மிளகு நீரைப் பற்றிய செய்தியை 1677-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் சோதித்து உறுதிசெய்த பிறகே ஐயங்கள் அடங்கின.

ஆகவே, இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்வதற்கு ‘இயற்றல்’, செய்தவருக்கு ‘இயற்றுநர்’ என்றும், முன்பே இருந்து புலப்படாததைக் காண்பதற்குக் ‘கண்டறிதல்’, கண்டவருக்குக் ‘கண்டறிஞர்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ‘புத்தாக்கம்’ இன்று இன்னோவேஷனுக்கு நிலைத்துவிட்டது. ‘புனைவு’ கதை இலக்கியத்துக்குப் போய்விட்டது. ‘இயற்றல்’ பாடலை நினைவூட்டும் என்ற தடை எழலாம். பாட்டும் சட்டமும் பொறியும் மனிதர் ஆக்குபவையே என்பதால் அது எனக்குக் குறையாகப் படவில்லை.

இப்பிரிப்பின்படி லேவன்ஹூக் நுண்ணுயிர்களின் கண்டறிஞர். 1665-இல் வெளிவந்த தம் ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் தக்கையின் வெற்றறைகளைக் காட்டிச் ‘செல்’ என்ற ஹூக்கைப் ‘பெயரிட்டவர்’ என்று குறித்தால் போதும். அவர் பார்த்தவை இறந்த திசுவின் சுவர்களே. (இலங்கைப் பாடநூல்களின் ‘கலம்’ அந்த அறைகளுக்கு தமிழ்நாட்டில் வழங்கும் ‘செல்’லைவிட நெருக்கமாகப் பொருந்துகிறது.)

எஞ்சும் சிக்கல் கூட்டு நுண்ணோக்கியின் இயற்றுநர் யார் என்பதே. நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரத்துக் கண்ணாடி வில்லை செய்பவரான சகரியாஸ் யான்சனுக்கு 1590 என்று ஆண்டு குறித்து உரிமை தருவது வழக்கம். அந்த ஆண்டோ, இத்தகைய கருவிகளை முதலில் செய்தவர் யார் என்று அறிய 1655-இல் நடந்த விசாரணையில் அவருடைய மகன் அளித்த சாட்சியத்திலிருந்து வந்தது. 1590-இல் யான்சனே சிறுவர். அதே விசாரணைக்குக் காரணமான டச்சுத் தூதர் வில்லெம் போரேல், 1619-இல் இலண்டனில் டச்சுப் பொறியாளர் கொர்னேலிஸ் ட்ரெபெலிடம் கூட்டு நுண்ணோக்கியைப் பார்த்ததாகக் குறித்திருக்கிறார். எனவே நம் கட்டுரைகளில் அந்த இடத்தில் ஒற்றைப் பெயரை எழுதாமல், ‘இயற்றுநர் யாரென உறுதியாகவில்லை, யான்சன், ட்ரெபெல் ஆகியோர் பெயர்கள் சொல்லப்படுகின்றன’ என்றே பதிய வேண்டுகிறேன். ‘கண்டறிஞர்’ என்பதைவிட எளிய சொல் எவருக்கேனும் தோன்றினால் அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.