சிங்கப்பூர்த் தமிழ்க் குழு அட்மின்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

பொங்கோல் வாசி:
நானே தொடங்கி வைக்கிறேன். ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை தேடுகிறவர்களுக்கான வாட்ஸ்அப் குழு. எப்படிப்பட்ட குழு என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "எஸ் பாஸ், சம்பளம் 1,800 வெள்ளி, தங்குமிடம் இலவசம், முன்பணம் கட்டினால் போதும்" என்று ராத்திரி ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. எஸ் பாஸ் வேலை அனுமதிக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளமே 3,000 வெள்ளிக்கு மேல். பொய் என்று தெரிய அந்த ஒரு வரி போதும். அழித்தேன், போட்டவரை வெளியேற்றினேன், படுத்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் ஒரு குரல் செய்தி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். "அண்ணே, அந்த நம்பரை ஏண்ணே அழிச்சீங்க? எழுதி வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு. கொஞ்சம் அனுப்பி விடுங்கண்ணே." நின்றுகொண்டே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பினேன். இங்கே உரிமம் உள்ள முகவர் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம், எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஐபிஏ என்ற கொள்கையளவு ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தால் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் அது உண்மையா என்று பார். அதற்கு முன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பொறுமையாகப் படித்தான் போலிருக்கிறது. பதிலுக்கு இன்னொரு குரல் செய்தி வந்தது. "நீங்க அங்க போய் உட்கார்ந்துட்டீங்கண்ணே. நாங்க வரக் கூடாதா?"

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். குரலை உயர்த்தவே இல்லை. அன்று மதியமே குழுவை விட்டுப் போய்விட்டான். அதே விளம்பரம் வேறு குழுக்களிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்த நம்பர் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

ஈசூன் அக்கா:
தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தமிழ்க் குழு. சீனர்களின் ஏழாம் மாதம் இறந்தவர்களுக்காகக் கீழே தொட்டியில் காகிதம் எரிப்பார்கள் இல்லையா, சாம்பல் பறந்து வந்து காயப் போட்ட துணியில் விழுந்துவிட்டது. ஓர் அண்ணன் படம் எடுத்துப் போட்டார். அதுவரை சரி, நியாயமான கோபம். படத்துக்குக் கீழே சீனர்களைப் பற்றி அவர் எழுதியதை இங்கே எழுத மாட்டேன். அழித்தேன். வாட்ஸ்அப்பில் அட்மின் அழித்தால் யார் அழித்தது என்று பெயரோடு எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாததா. "நம்ம ஆளுங்களுக்காகப் பேசினா நம்ம ஆளே வாயை மூடுது" என்று எழுதினார். பலர் அதற்குக் கட்டைவிரல் வேறு போட்டார்கள்.

அடுத்த நாள் மின்தூக்கியில் அவர், அவருடைய அம்மா, நான். மூன்றே பேர். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "பையன் இப்ப எத்தனாவது படிக்கிறான், வீட்டுப் பக்கம் ஆளையே காணோமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். அவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் மாடி வந்ததும் கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்காமல். அம்மாவுக்காகச் செய்தாரா, எனக்காகவா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சட்டத்துக்குப் பயந்து அழித்தேன் என்று சிலர் சொன்னார்கள். இன நல்லிணக்கச் சட்டம் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது எனக்கும் தெரியும். ஆனால் நான் நினைத்தது எதிர்வீட்டு ஆன்டியை. தீபாவளிக்கு முறுக்குச் சுட எனக்குப் பெரிய எண்ணெய்ச் சட்டி தருகிறவர். இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989-இல் வந்ததிலிருந்து வீவக என்ற அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் எல்லா இனத்தாரும் கலந்துதானே இருக்கிறோம். தமிழில் எழுதினால் அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் அந்த வரியே எழுதப்பட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை.

மணற்கேணி:
பொங்கோல் வாசி, வயதில் மூத்தவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் அழித்திருக்கக் கூடாது. அழித்ததால்தான் அந்தப் பையன் நம்பரைத் தேடினான். விட்டு வைத்து, அதற்குக் கீழேயே "இது மோசடி, காரணம் இது" என்று எழுதியிருந்தால் அவனோடு சேர்த்து எல்லாரும் படித்திருப்பார்கள்.

என் அனுபவம் 2020 ஏப்ரல், கோவிட் பரவலை முறியடிக்கக் கட்டுப்பாடுகள் போட்ட காலம். காய்கறி, மீன் விற்கும் ஈரச் சந்தைகளையும் மூடப் போகிறார்கள் என்று ஒரு ஃபார்வர்டு. நான் அழிக்கவில்லை, அரசாங்க அறிவிப்பைக் கீழே ஒட்டினேன். ஆனாலும் எங்கள் குழுவில் ஒரு தாத்தா அதற்குள் டாக்சி பிடித்துத் தேக்கா சந்தைக்குப் போய் அரிசி மூட்டையோடு வரிசையில் நிற்கிற படத்தை அனுப்பினார். எனக்கும் சேர்த்து ஒரு மூட்டை வாங்கியிருந்தார் பாவம்.

சரி, இப்போது எல்லாருக்கும் சில யோசனைகள். குழுவில் சேர அட்மின் அனுமதி வேண்டும் என்ற அமைப்பை முதலில் போடுங்கள், முகவர்கள் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். டெலிகிராம் என்றால் மெதுநிலை வசதி இருக்கிறது, ஒருவர் அடுத்தடுத்து எழுத முடியாது, சண்டை தானாக ஆறும். எதை அழித்தாலும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு போலீசில் புகார் கொடுக்க நேர்ந்தால் கையில் அதுதான் இருக்கும். மோசடியா என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடியில் போன பணம் 110 கோடி வெள்ளிக்கும் மேல், அதனால் கேட்க வெட்கப்பட வேண்டாம். தனிச்செய்தியில் யாரோடும் வாதாடாதீர்கள், நீங்கள் எழுதியதில் பாதியை வெட்டி வெளியே போடுவார்கள். குறைந்தது இரண்டு அட்மின் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, பெண்கள் புகார் சொல்ல வருவார்கள். கடைசியாக, ராத்திரி 11 மணிக்கு மேல் "அட்மின் மட்டும் எழுதலாம்" என்று மாற்றிவிட்டுத் தூங்குங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது. ஈசூன் அக்கா, நீங்களும் அந்த அண்ணனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடுத்துப் பேசியிருக்கலாம்.

பொங்கோல் வாசி:
ஐயா, விளம்பரம் மேலே இருக்கும், என் விளக்கம் நாற்பது செய்தி தள்ளிக் கீழே இருக்கும். கைப்பேசியில் யார் அவ்வளவு தூரம் வருகிறார்கள்? நம்பரைத் தொட்டு அழைத்துவிடுவார்கள். இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

துவாஸ் இரவுப்பணி:
மணற்கேணி ஐயா, ராத்திரி 11 மணிக்கு மூடச் சொல்கிறீர்கள். எங்களுடையது விடுதித் தொழிலாளர்களின் குழு, அது உயிரோடு இருப்பதே அதற்கு மேல்தான். வேலைத் தளத்திலிருந்து லாரியில் விடுதிக்கு வந்து, குளியலுக்கு வரிசை, சமையலுக்கு வரிசை, சாப்பிட்டு முடிக்கவே பத்தாகிவிடும். அதற்கு அப்புறம்தான் ஊருக்குப் பேசுவார்கள், குழுவுக்கு வருவார்கள். பகலில் எழுத அவர்களுக்கு நேரம் ஏது?

அப்படி ஒரு ராத்திரி, ஒன்றரை மணி இருக்கும். ஓர் ஆள், பெயர் வேண்டாம். ஊரில் வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பற்றி முன்பே இரண்டு மூன்று தடவை எழுதியிருந்தார். அன்று எழுதியது வேறு மாதிரி. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, "அம்மாகிட்ட யாராச்சும் பக்குவமா சொல்லுங்க" என்று முடித்திருந்தார். நான் வேலையில் இருந்தேன். மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். குழுவில் "இவர் எந்த விடுதி, எந்த அறை, யாருக்காவது தெரியுமா" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறேன், அவருடைய செய்திக்குக் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை (எமோஜி). யாரோ போட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. செய்தியை நான் அழிக்கலாம், ஆனால் இன்னொருவர் போட்ட பொம்மையை மட்டும் என்னால் எடுக்க முடியாது. செய்தியை அழித்தால் "நம்மைத் துரத்திவிட்டார்கள்" என்று அவர் நினைப்பார். விட்டால் அந்தச் சிரிப்பைப் பார்ப்பார். போட்டவன் யார் என்று தட்டிப் பார்த்தேன். நல்ல பையன், ஞாயிறு தவறாமல் நூலகத்துக்குப் போகிறவன். படிக்காமலே பொம்மையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவனை அழைத்து எழுப்பி, "அதை எடுடா முதல்ல" என்று கத்தினேன். எடுத்துவிட்டு அழுதான்.

அதற்குள் அதே விடுதியில் இருந்த இன்னொருவர் மாடிக்கு ஓடிப் போய் ஆளைப் பிடித்துவிட்டார். விடியும்வரை மூன்று பேர் மாறி மாறி அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் எண் 1767, எந்த நேரமும் அழைக்கலாம், இதை எல்லா அட்மினும் சேமித்து வையுங்கள். அவர் இப்போது ஊரில் நன்றாக இருக்கிறார், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார்.

நான் அட்மின் ஆனது நானாகக் கேட்டு இல்லை. முன்பு இருந்தவர் ஊர் திரும்பும்போது என் பெயரைத் தட்டிவிட்டுப் போனார். அந்த ராத்திரிக்கு அப்புறம் அட்மின் வேலையை விட்டுவிடலாம் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கிளமெண்டி அப்பா:
துவாஸ் அண்ணே, உங்களுக்கு வணக்கம். உங்கள் கதைக்குப் பக்கத்தில் என்னுடையதை வைக்கவே கூச்சமாக இருக்கிறது.

தொடக்கப்பள்ளிப் பெற்றோர் குழு. என் அப்பா இறந்து மண்டாய் தகனச் சாலையில் நிற்கிறேன். பெட்டி உள்ளே போகிறது. பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் ஒரு தாயார், "அட்மின், பிஎஸ்எல்இ தேர்வுத் தமிழ்த் தாள் ஒன்று போட்டேனே, இன்னும் அனுமதிக்கவில்லை, பிள்ளைகளின் எதிர்காலம் உங்களுக்கு விளையாட்டா?" என்று கேட்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது. நான் அங்கேயே நின்று அனுமதித்தேன். ஏன் செய்தேன் என்றுதான் இன்னும் புரியவில்லை.

அதனால்தான் இந்த வேலைக்குக் கூலி இல்லை என்பதை யாரும் பேசாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது நம் குழுக்களோடு தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பதிலுக்கு இணைய இணைப்பு இலவசம், அவ்வளவுதான். முறை வைத்து வேலை, அறிக்கை எழுது, பயிற்சிக்கு வா என்று எல்லாமே உத்தியோகம் மாதிரி. 1999-இல் சிலர் வழக்குப் போட்டார்கள். 2010-இல்தான் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் அட்மின்கள் செய்யும் வேலையின் மதிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் என்று 2022-இல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டே, 2023 ஜூனில், வெளிச் செயலிகளுக்கு அந்த நிறுவனம் பெரிய கட்டணம் விதித்தபோது ஆயிரக்கணக்கான குழுக்களை அட்மின்களே இழுத்து மூடினார்கள். அவர்கள் குழு நடத்தப் பயன்படுத்திய கருவிகளும் அதில் அடிபடும் என்ற பயம் ஒரு காரணம். கட்டணம் மாறவில்லை. ஆனால் யார் உழைப்பில் அந்த இடம் ஓடுகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. நாம் அப்படி ஒரு நாளாவது நிறுத்தியிருக்கிறோமா?

சிராங்கூன் சாலை:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எங்களுடையது பழைய பாடப்புத்தகம், குழந்தைக் கட்டில், பண்டிகைப் பாத்திரம் எல்லாம் இலவசமாகக் கைமாற்றும் குழு. போன தீபாவளிக்கு உறுப்பினர்கள் சேர்ந்து பணம் போட்டு, பண்டிகை அன்பளிப்புப் பணமாக ஓர் அங் பாவ் உறை கொண்டுவந்து வீட்டு வாசலில் நீட்டினார்கள். கொண்டுவந்த பெண்ணின் குழந்தைத் தள்ளுவண்டியைக்கூட நான்தான் குழு வழியாக வாங்கிக் கொடுத்தேன். அந்த உறையை வாங்க எனக்குக் கை வரவில்லை. அவள் முகம் சுருங்கிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஏன் வாங்கவில்லை தெரியுமா? அந்தப் பணத்தில் யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அதிகம் போட்டவர் விற்பனைக்கு ஒன்றைக் கொண்டுவந்து "இதை மட்டும் விடுங்களேன் அக்கா" என்றால் நான் எப்படி முடியாது என்பேன்? ஒரு வெள்ளியும் வாங்காததால்தான் இதுவரை எல்லாரிடமும் ஒரே மாதிரி முடியாது என்று சொல்ல முடிகிறது.

கிளமெண்டி அப்பா:
அக்கா, உறுப்பினரிடம் வாங்க வேண்டாம், அதில் நீங்கள் சொல்வது சரி. நான் கேட்பது நம்மை வைத்து விளம்பரம் விற்கும் நிறுவனங்களை. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

மணற்கேணி:
நிறுவனம் சம்பளம் கொடுத்தால் நிறுவனம் சொன்னதைத்தான் அழிக்க வேண்டும். அப்போது ஈசூன் அக்காவின் எதிர்வீட்டு ஆன்டியைப் பற்றி யார் யோசிப்பார்கள்? சட்டத்தில் வருகிறதா, வரவில்லையா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். என் மருமகன் அப்படி ஒரு நிறுவனத்தில் இருந்தான், ஒரு பதிவைப் பார்க்கச் சில விநாடிதான் கொடுப்பார்களாம்.

துவாஸ் அண்ணே, மூடச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் குழுவுக்கு அது பொருந்தாது.

துவாஸ் இரவுப்பணி:
பரவாயில்லை ஐயா. எனக்குப் பணம் வேண்டாம். ராத்திரி ஒன்றிலிருந்து நான்கு வரை எனக்குப் பதில் விழித்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். அடுத்த மாதம் என் பணிநேரம் பகலுக்கு மாறுகிறது. வங்காள மொழி தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது, எங்கள் விடுதியில் பாதிப் பேர் பங்களாதேஷ். யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், முதல் இரண்டு வாரம் நானும் கூடவே இருப்பேன்.