மயில்துத்தம் சூடாக்கினால் வெள்ளையாவது எந்த வகை மாற்றம்?

கேள்வி: மயில்துத்தம் எனும் நீல காப்பர் சல்பேட்டைச் சூடாக்கினால் வெள்ளைப் பொடியாகிறது, தண்ணீர் விட்டால் திரும்ப நீலம். மீள முடிவதால் இயற்பியல் மாற்றம் என்று எழுதலாமா?

பதில் 1: எழுதாதீங்க, இது வேதியியல் மாற்றம்தான். மீள்வது, மீளாதது என்பதெல்லாம் நம்பகமான அளவுகோல் இல்லை. பழைய பொருளே இருக்கிறதா, புதுப் பொருள் உண்டானதா என்றுதான் பார்க்கணும். நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுக்கும் 5 நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கும். நான்கு 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெளியேறிவிடும். ஐந்தாவது போக 200 டிகிரியாவது வேண்டும். எடை போட்டாலே தெரியும்: 5 கிராம் எடுத்தால் சுமார் 3.2 கிராம்தான் மிஞ்சும்.

பதில் 2: செய்து பார்ப்பதானால் சோதனைக் குழாயின் வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த நீர்த்துளி சூடான அடிப்பகுதிக்கு ஓடி, கண்ணாடி விரிசல் விடும். தீயை ஒரே இடத்தில் காட்டாதீங்க. பொடி கருத்தால் காப்பர் ஆக்சைடு வந்துவிட்டது, தண்ணீர் விட்டாலும் அது நீலமாகாது. நன்றாக ஆறிய பிறகே சொட்டுச் சொட்டாக நீர் விடணும், நீர் பட்டதும் குழாய் மறுபடி சுடும். பொடி நச்சு, கையில் படக் கூடாது.

கேள்வி கேட்டவர்: அப்போ நிறம் மாறினாலே வேதியியல் மாற்றமா?

பதில் 1: அதுவும் இல்லை! வெள்ளை ஜிங்க் ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகி, ஆறினால் வெள்ளையாகும். அதைப் பெரும்பாலான பாடங்களில் இயற்பியல் மாற்றமாகவே சொல்வார்கள். அயோடினும் அப்படித்தான்: ஊதா ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் படிந்தாலும் அயோடினேதான்.