சிறுநீர் சைட்டாலஜி அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 67. வலியே இல்லாமல் இருமுறை சிறுநீரில் இரத்தம் வந்ததால் சைட்டாலஜி (சிறுநீரில் உதிர்ந்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்க்கும்) பரிசோதனை செய்தோம். புற்றுநோய் உயிரணுக்கள் தென்படவில்லை என்று அறிக்கை வந்துள்ளது. ஆயினும் சிறுநீர்ப்பைக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி அவசியம் என்கிறார் மருத்துவர். அப்பாவோ குழாய் செலுத்துவதற்கு அஞ்சி, அறிக்கையே போதும் என்று மறுக்கிறார். இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். நோயியல் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன். சிறுநீர்ப்பையில் வீரியம் மிகுந்த, அதாவது வேகமாக வளர்ந்து பரவக்கூடிய, கட்டியின் உயிரணுக்கள் எளிதில் உதிர்ந்து சிறுநீரில் கலக்கின்றன. அவற்றின் உட்கரு பெருத்து, கருத்து, வடிவம் கோணியிருப்பதால் நுண்ணோக்கியில் பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும். வீரியம் குறைந்த கட்டியின் உயிரணுக்களோ இயல்பானவற்றையே ஒத்திருப்பதால், அனுபவம் மிக்க கண்ணுக்கும் அவை தப்பிவிடுகின்றன. ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல்களில் முதல் வகையைக் கண்டறியும் திறன் 84 சதவீதம் என்றும், இரண்டாம் வகையில் வெறும் 16 சதவீதம் என்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. சிறுநீர் சைட்டாலஜி முடிவுகளை வகைப்படுத்தி எழுதுவதற்காக 2016இல் வெளியான பாரிஸ் அறிக்கை முறையும் வீரியம் மிகுந்த புற்றைத் தவறவிடாமல் இருப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் அறிக்கை, கட்டியே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மறுமொழி 2:
மாதிரி எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள். காலையின் முதல் சிறுநீரில், இரவு முழுவதும் தேங்கிய உயிரணுக்கள் சிதைந்திருக்கும் என்பதால், அடுத்த முறை கழிக்கும் சிறுநீரையே கேட்பார்கள். எனக்குச் சிறுநீரகக் கல் இருந்தபோது 'இயல்பு மாறிய உயிரணுக்கள்' என்று அறிக்கை வந்து, குடும்பமே கலங்கிப்போனது. கல்லை அகற்றிய பின் செய்த பரிசோதனையில் அவை காணப்படவில்லை. கல், நோய்த்தொற்று, புற்றுநோய் சிகிச்சைக்காகச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. மருந்து ஆகியவையும் உயிரணுக்களின் தோற்றத்தை மாற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒருவேளை புற்றுநோய் என்றே அறிக்கை வந்து, சிஸ்டோஸ்கோப்பியில் எதுவும் தெரியாவிட்டால் அதைத் தவறான அறிக்கை என்று கொள்ளலாமா?

மறுமொழி 1 எழுதியவர்:
கூடாது. வீரியம் மிகுந்த புற்று என்று உறுதியாகச் சொல்லும் அறிக்கை பிழையாவது அரிது. மேடாக வளராமல் சிறுநீர்ப்பையின் உட்படலத்திலேயே பரவும் புற்று சாதாரண ஒளியில் புலப்படாமல் போகலாம். அல்லது சிறுநீர்க்குழாயிலோ சிறுநீரகத்தின் உட்குழிவிலோ கட்டி இருக்கலாம். அந்நிலையில் சி.டி. யூரோகிராமும் (சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டும் ஸ்கேன்), தேவைப்பட்டால் புற்றுப் பகுதியை ஒளிர்ந்து தெரியச் செய்யும் நீல ஒளி சிஸ்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும் (திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்வார்கள். இப்போதைக்கு அப்பாவிடம், மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவிய பிறகே மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள் என்றும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றும் எடுத்துச் சொல்லுங்கள்.