புதுப்பிப்பு: மூன்று பிளாஷ்களும் 4:1 விகிதமும்

திருப்பரங்குன்றத்து மண்டபம் ஒன்றில் எடுத்த வரவேற்புப் படங்களில், ஏ, பி என்ற இரண்டு பிளாஷ் குழுக்களின் ஒளி விகிதத்தை (ஏ:பி) 4:1 என்று வைத்தும் மணமக்களின் முகங்கள் நிழலின்றி வெளிறி வந்தது ஏன் என்று சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தவறு என்னுடையதே.

மேடை அலங்காரத்துக்கென சி குழுவில் வைத்த மூன்றாவது பிளாஷை, இடம் போதாமல், மணமக்கள் பக்கமாகவே திருப்பியிருந்தேன். கேனான் கேமராவின் தானியங்கி பிளாஷ் முறையில் விகிதம் ஏ, பி ஆகிய இரண்டு குழுக்களுக்குள் மட்டுமே பகிரப்படுகிறது. அவை இரண்டும் சேர்ந்தே முகத்துக்கு வேண்டிய ஒளியைத் தந்துவிடுவதால், அங்கு விழும் சி குழுவின் ஒளி முழுவதும் உபரிதான்.

நேற்று வீட்டு மாடியில் தம்பியை நிறுத்தி, சி பிளாஷை அவன் பின்னாலுள்ள சுவரை நோக்கித் திருப்பியதும், 4:1க்கு உரிய இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) வேறுபாடு அவன் கன்னத்தில் தெளிவாகத் தெரிந்தது. வரவேற்புக்கு அது கடுமைதான்; 2:1 போதும் என்று இப்போது தோன்றுகிறது.

பிளாஷின் அளவை நாமே அமைக்கும் மேனுவலுக்கு மாறச் சொன்ன நண்பரின் யோசனையும் சரியே. வெள்ளை வேட்டி சட்டகத்தை நிறைக்கும்போது லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கேமராவே அளக்கும் டிடிஎல் அளவீடு ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. ஆனால் ஒரு பிளாஷை முழுத் திறனில் 1/4 என்றும் மற்றொன்றை 1/16 என்றும் வைத்தால் மட்டும் 4:1 கிடைத்துவிடாது. இரண்டும் ஒளியைப் பரப்பும் ஒரே வகைக் குடையுடன் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும், ஏனெனில் தூரம் இருமடங்கானால் ஒளி ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அடுத்த முகூர்த்தத்தில் ஸ்டாண்டுகளின் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடப் போகிறேன். செல்ஃபி எடுக்கும் உறவினர்கள் அவற்றை நகர்த்தாமல் இருந்தால் சரி.