முள்ளெலி வந்துபோக வேலியில் வழி விடுவது எப்படி?

மஞ்சக்குப்பத்தார்:
இங்கிலாந்தில் இருக்கும் என் மகளின் வீட்டுத் தோட்டத்திற்கு இரவில் முள்ளெலி ஒன்று வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் பழைய மரவேலியை எடுத்துவிட்டு, அடியில் கான்கிரீட் பலகை பதித்த புது வேலி போட்டதிலிருந்து அது வருவதில்லை என்று பேத்தி வருந்துகிறாள். வரும் மே மாதம் அங்கே செல்கிறேன். எவ்வளவு பெரிய துளை போதும்? கிண்ணத்தில் பால் வைக்கலாமா?

முத்தியால்பேட்டை வாசி:
ஐயா, 13 செ.மீ. அகலமும் 13 செ.மீ. உயரமும் உள்ள துளை தாராளமாகப் போதும். உணவு தேடி ஓர் இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட நடக்கும் பிராணி என்பதால், ஒரு தோட்டம் மட்டும் அதற்குப் போதாது. ஆகவே முதலில் பக்கத்து வீட்டாரிடம் பேசச் சொல்லுங்கள். கான்கிரீட் பலகையை உடைக்க அவர்கள் தயங்கினால், அதற்கடியில் மண்ணைப் பறித்துப் பள்ளமாக வழி விடலாம்.

பால் கூடவே கூடாது. அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். நாங்கள் அங்கிருந்தபோது பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டில் தண்ணீர் வைப்போம். காலையில் தட்டைச் சுற்றிக் கறுத்து மினுங்கும் எச்சம், சுண்டுவிரல் நீளத்துக்குக் கிடக்கும். வண்டின் ஓடுகள் அதில் தெரியும். அதைக் கண்டால் விருந்தாளி வந்துபோனதாகப் பொருள்.

வில்லியனூர்க்காரன்:
துளையோடு வேலை முடிவதில்லை. சருகுக் குவியலைக் கிளறாமலும் கொளுத்தாமலும் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். குளிர்காலம் முழுவதும் அது தூங்குவது அதற்குள்தான். குட்டை இருந்தால் ஏறி வரக் கற்களைச் சரிவாக அடுக்க வேண்டும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு மருந்தை அங்கே 2022இல் தடை செய்துவிட்டார்கள். பழைய டப்பா ஏதும் கொட்டகையில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பேத்தியிடம் இதையும் சொல்லுங்கள்: முள்ளெலி வேறு, முள்ளம்பன்றி வேறு. நம் தென்மாவட்டங்களின் வறண்ட காடுகளிலும் முள்ளெலி உண்டு. கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதன் முள்ளுக்காகவே பிடித்துக் கொன்றிருக்கிறார்கள்.

மஞ்சக்குப்பத்தார்:
மிக்க நன்றி. எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது: எங்கள் கொல்லையில் படல் வேலியை எடுத்து ஹாலோபிளாக் மதில் வைத்த பிறகு கீரி வருவதும் நின்றுபோயிற்று. இங்கேயும் ஒரு துளை போடலாமா?

முத்தியால்பேட்டை வாசி:
போடலாம், ஆனால் சாக்கடைப் பக்கம் வேண்டாம் ஐயா. கீரிக்கு முன்னால் பெருச்சாளி வந்துவிடும்.